அளவெடுக்கப்படாத துவக்கு

அமெரிக்க விடுதலைப் போரை ஆண்டுதோறும் திடலில் நடித்துக் காட்டும் ஆர்வலர்கள் தோளில் சுமக்கும், பிரிட்டிஷ் படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் நகல்களில் பல, இந்தியப் பட்டறைகளில் செய்தவை. மருந்துக்குத் தீ போகும் துளை இல்லாமலே அவை கப்பலேறுகின்றன. அதனால் படைக்கலமாக அல்லாமல் அலங்காரப் பொருளாகவே எண்ணப்படுகின்றன. விலை குறைவு என்பதால் வாங்குவோர் ஏராளம். நுட்பம் அறிந்தவர்கள் குறையும் சொல்வார்கள்: அசலில் வால்நட் மரம் இருந்த இடத்தில் தேக்கு இருக்கும், கட்டை பருத்துக் கனக்கும்.

ஆனாலும் அந்தத் துப்பாக்கிக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காக 39 அங்குலக் குழலோடு எளிமையாக்கிய வடிவம் ஒன்றை வைத்திருந்தது. பிரான்சுடன் போர் மூண்டு துப்பாக்கி போதாமல் போனபோது, பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் கையிருப்பை வாங்கியது. 1797இல் அந்த வடிவத்தையே தன் படைக்கும் உரியதாக்கிக்கொண்டது. 'இந்தியா பேட்டர்ன்' என்ற பெயர் அப்படி நிலைத்தது. சிப்பாய் சுமந்த துப்பாக்கியின் நகலை இன்று அதே மண்ணின் கொல்லர் அடித்து அனுப்புகிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்தியாவில் நகலுக்கு இன்னொரு வழியும் உண்டு. தேசிய மாணவர் படை (என்.சி.சி.) மாணவர்கள் அணிவகுப்புப் பழகும் .303 ரைஃபிள், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த அசல் துப்பாக்கி. இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் பிறந்த ஆயுதம் முதுமையில் தனக்குத் தானே நகலாகிவிடுகிறது. பழையதைத் தூக்கி எறியாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கும் இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கிறது.

இலங்கையில் கதை வேறு. 1505இல் போர்த்துக்கேயர் வந்தபின், சிங்களக் கொல்லர் துவக்கு, அதாவது துப்பாக்கி, செய்யும் வித்தையை வெகுவிரைவில் கற்றுத் தமதாக்கிக்கொண்டார்கள். கண்டித் துவக்கை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். உலகில் பெரும்பாலான துப்பாக்கிகளுக்குச் சக்கிமுக்கிப் பூட்டு வலப்பக்கம் இருக்க, இதற்கு இடப்பக்கம். அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருளும். குழலிலும் கட்டையிலும் வெள்ளியும் தந்தமும் இழைத்திருப்பார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற பொருட்களில் ஆறு, 2023இல் கொழும்புக்குத் திரும்பின. அவற்றில் ஒன்றான, கண்டிப் பிரபு லெவ்கேயின் பீரங்கியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கூடவே வந்த இரண்டு பெருந்துவக்குகளைப் பற்றிப் பேச்சே குறைவு. பி. இ. பி. தெரணியகல 1942இலேயே சிங்கள ஆயுதங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தும் இந்த நிலை. சிங்களவரின் கஸ்தானே வாள் இலங்கைக் கொடியில் சிங்கத்தின் கையில் இருக்கிறது. துவக்குக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

அதன் நகலை அளவெடுத்துச் செய்ய அங்கே ஏன் ஒரு பட்டறை எழவில்லை? கொல்லரிடம் திறமை இல்லாமல் அல்ல. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கைக் களவாக இன்றும் செய்கிறார்கள். அதில் காலை இழந்த மனிதரும் யானைகளும் எத்தனையோ. 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போர் எஞ்சியதையும் கெடுத்தது. வடக்கில் பள்ளி நாடகத்துக்கு மரத்துவக்கு செதுக்கவே பெற்றோர் அஞ்சிய காலம் அது. துவக்கின் உருவமே சந்தேகத்துக்குரியதான நாட்டில் அதைக் கலைப்பொருளாகச் செய்து விற்க யார் துணிவார்?

இந்தியாவிடம் கையும் சந்தையும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கை தன் வீட்டுப் பொருளைப் போதிய அக்கறையோடு தொடவில்லை என்பதே என் மனக்குறை. ராஜஸ்தானில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் திரித்துப்பாக்கி சுவரில் தொங்கத்தான் ஆகும். அசலோடு வைத்துப் பார்க்கத் தாங்காது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த படைக்கலங்களுக்கும் பிரவுன் பெஸ்ஸுக்குக் கிடைத்த கவனம் வேண்டும்.

இரு நாட்டு அருங்காட்சியகங்களும் சேர்ந்து ஒரு கண்டித் துவக்கிலிருந்து தொடங்கலாம். குழலைத் துளையில்லாத கெட்டி இரும்பாக வார்த்தால் சுடும் பேச்சே எழாது. சுருள் கட்டையைக் கண்டிச் சிற்பியே செதுக்கட்டும். பூட்டு மட்டும் அசலைப்போல் இடப்பக்கம் இயங்க வேண்டும்; பார்க்க வரும் பிள்ளைகள் அதைத் தம் விரலால் இழுத்து, கல் இரும்பில் உரசுவதைக் காண வேண்டும்.