கழிச்சலை நிறுத்தியது பொடியா, கோழியா?

மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு பிராய்லர் கொட்டகையில் போன ஐப்பசி மழையில் இரத்தக் கழிச்சல் வந்தது. மஞ்சள், வேம்பு, பூண்டு சேர்ந்த ஒரு பொடியைத் தீவனத்தில் கலந்து போட்டார்கள். "நாலே நாள்ல நின்னுடுச்சு சார்" என்றார் கொட்டகைக்காரர். பொடியோடு வந்த துண்டறிக்கையும் அதையேதான் சொல்கிறது: பொடி கொடுத்தோம், எச்சத்தில் ஒட்டுண்ணி முட்டை குறைந்தது. என் சண்டை அந்தத் துண்டறிக்கையோடுதான், மூலிகையோடு இல்லை.

இந்த நோய்க்குக் காரணம் ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. குடல் செல்லுக்குள் புகுந்து சில தலைமுறை பெருகி, உறைமுட்டையாக எச்சத்தில் வெளியேறிவிடும். ஐமீரியா டெனெல்லா என்றால் ஐந்தாறு நாளில் இரத்தம் தெரியும். ஒரு வாரம் கடந்ததும் முட்டை எண்ணிக்கை தானாகவே இறங்கும். பிழைத்த கோழிக்கு அந்த வகைக்கு எதிராக எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். அப்படியென்றால் இரத்தத்தைப் பார்த்த பிறகு எதைக் கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், சில நாளில் 'நின்னுடுச்சு' என்று சொல்லலாம்.

இன்னொன்றும் விசாரித்தேன். அதே வாரம் ஒழுகிய நிப்பிளைச் சரிசெய்து, நனைந்த கூளத்தை அள்ளிப்போட்டுப் புது உமி பரப்பியிருக்கிறார். உறைமுட்டை தொற்றும் நிலைக்கு வர ஈரம் வேண்டும். புகழ் முழுக்கப் பொடிக்குப் போனது, உமிக்கு ஒன்றுமில்லை.

சோதனை என்றால் நாலு கூட்டம் வேண்டும்: நோய் ஏற்றாதது, ஏற்றி எதுவும் கொடுக்காதது, சாலினோமைசின் போலத் தெரிந்த மருந்து கொடுத்தது, பொடி கொடுத்தது. முட்டை எண்ணிக்கை மட்டும் போதாது. 1970இல் ஜான்சனும் ரீடும் வகுத்த 0 முதல் 4 வரையான குடல்புண் மதிப்பெண், எடை, தீவன மாற்று விகிதம், சாவு எல்லாம் பார்க்கணும். துண்டறிக்கையில் பொடிக் கூட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

மூலிகையால் முடியாது என்று நான் சொல்லவில்லை. சீன மருத்துவத்தின் சாங்ஷான் செடியில் உள்ள ஃபெப்ரிஃபியூஜினை ஒட்டி உருவானதுதான் ஹாலோஃபியூஜினோன். டன் தீவனத்துக்கு 3 கிராம். கூடினால் கோழி எடை ஏறாது. செடி மருந்தானது இப்படி அளந்து பார்த்ததால்தான். பழைய மருந்துகளுக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டதால் புதுசு தேவை என்பதும் உண்மை. அதனால்தான் அரைகுறைச் சோதனை எரிச்சல் மூட்டுகிறது. ஒப்பந்த வளர்ப்பில் கூலியே தீவன மாற்று விகிதத்தைப் பொறுத்தது. பொடியை நம்பி டாக்டரிடம் போகத் தாமதித்தால் இழப்பு அவருடையது, பொடி விற்றவருடையது இல்லை.

எங்கள் ஊர்க் குடைவரையில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தது என்று வெட்டிவைத்தான். சொன்ன இடத்திலேயே கோயில் நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். பொடிப் பையிலும் 'ரசாயனம் இல்லாமல்' என்று பெரிசாகப் போட்டிருக்கு. உள்ளே எது எத்தனை கிராம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் இல்லை.

அடுத்த பேட்ச்சில் கொட்டகையை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் மட்டும் பொடி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உமி இரண்டு பக்கமும் புதுசாக.