பேச்சுக்கு மெட்டுப் போட்டவர்

2006 டிசம்பரில் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள இப்ஸ்விச் நகரைச் சுற்றி ஐந்து பெண்களின் உடல்கள் அடுத்தடுத்துக் கண்டெடுக்கப்பட்டன. ஐவரும் தெருவில் நின்று பாலியல் தொழில் செய்தவர்கள். கொலையாளி குடியிருந்தது லண்டன் ரோடு என்ற தெருவில். கைது, போலீஸ் காவல், டிவி வண்டிகள் என்று அந்தத் தெருவே முற்றுகைக்கு உள்ளானது. பிறகு தெருவாசிகள் மெல்ல நிமிர்ந்து, வீட்டு முகப்புகளில் பூத்தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தங்களுக்குள் ஒரு தோட்டப் போட்டி நடத்தினார்கள். நாடக ஆசிரியர் அலெக்கி பிளைத் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்களைப் பேசவைத்தார். அந்தப் பேச்சைத் திக்கலும் திணறலுமாக அப்படியே பாட்டாக்கியவர் ஆடம் கார்க். 2011 ஏப்ரலில் லண்டன் நேஷனல் தியேட்டரின் காட்டெஸ்லோ அரங்கில், ரூஃபஸ் நோரிஸ் இயக்கத்தில் ‘லண்டன் ரோடு’ மேடையேறியது.

நாடகத்துக்கு இசையமைப்பதும் ஒலி வடிவமைப்பதும் ஒரே ஆளின் பழக்கமாக இருக்கும்போது என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது என்பதற்கு கார்க்கின் பணி வாழ்க்கையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இரண்டையும், ஒலி வடிவமைப்பு வேறொருவரிடம் இருந்த ‘லண்டன் ரோடு’ ஒன்றிலேயே பார்த்துவிடலாம்.

பிளைத்தின் வழக்கமான முறையில் நடிகர்கள் மேடையிலேயே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவில் கேட்பதைக் கேட்ட கணமே திருப்பிச் சொல்வார்கள். ‘லண்டன் ரோடு’ நாடகத்தில் ஒலிப்பதிவு ஒத்திகையோடு நின்றுவிட்டது. மேடையில் கார்க் எழுதிய ஸ்வரக் குறிப்புதான் ஆட்சி செய்தது. ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் எவ்வளவு மேலே போகிறது, எந்தச் சொல்லில் மூச்சு முட்டுகிறது, ‘யூ நோ’ என்று இழுக்கும்போது எத்தனை மாத்திரை நீள்கிறது என்பதெல்லாம் குறிப்பில் ஏறின. பேச்சின் சுருதியைத் தேடிப் போனவர்களில் இவர் முதல்வர் அல்லர். செக் இசையமைப்பாளர் யானாச்செக் தெருவில் கேட்ட பேச்சுகளை ஸ்வரமாக நோட்டுப் புத்தகங்களில் குறித்துவைத்தார். ஸ்டீவ் ரைக் 1988-இல் ‘டிஃபரண்ட் டிரெயின்ஸ்’ படைப்பில், பதிவு செய்த குரல்களின் ஏற்ற இறக்கத்தை நரம்பிசைக் கருவிகளைக் கொண்டு பின்தொடர வைத்தார். ரைக்கின் படைப்பில் அசல் குரல் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கார்க் அதை எடுத்துவிட்டு, உயிருள்ள நடிகரின் தொண்டையில் அந்தப் பாரத்தை ஏற்றினார்.

இதன் பலனைத் தமிழ்க் காதுக்கு எளிதில் விளக்கலாம். ஒப்பாரி வைக்கும் பெண்ணிடம் பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. முறை சொல்லி அழைக்கும் குரலே நீண்டு மெட்டாகிவிடும். மேலைநாட்டு இசை நாடகத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் தெளிவாக இருக்கும்: வசனம் நிற்கும், வாத்தியங்கள் எழும், பாட்டு தொடங்கும். கார்க் அந்தக் கோட்டை அழித்தார். தொட்டியில் வைத்த பூக்களின் பெயர்களைத் தெருவாசிகள் வரிசையாகச் சொல்வது ஒரு பாட்டாகிறது. பெயர்களைத் தவிர அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் பயந்து கிடந்தவர்கள் தங்கள் தெருவை மீட்டெடுக்கும் பிடிவாதம் முழுவதும் அந்தப் பட்டியலில் கேட்கிறது.

இந்தக் காது ஒரே நாளில் வந்ததல்ல. கேம்பிரிட்ஜில் இசை படித்த கார்க், ஆண்டுக்கணக்கில் பிறருடைய நாடகங்களுக்குச் சத்தம் கட்டியவர். 2007-இல் ரூபர்ட் கூல்ட் இயக்கி பாட்ரிக் ஸ்டூவர்ட் நடித்த ‘மாக்பெத்’, வெள்ளை ஓடு பதித்த ஒரு நிலவறையில் நடந்தது. அங்கே வந்து போக இருந்தது ஓர் இரும்புக் கதவு லிஃப்ட். இப்படிப்பட்ட களத்தில் உலோக ஓசையும் இசையும் ஒரே கையிலிருந்து வரும்போது எது பொருளின் சத்தம், எது வாத்தியம் என்ற பிரிவினை தேவையற்றுப் போகிறது. லூசி பிரெபிள் எழுதிய ‘என்ரான்’ நாடகம் 2009-இல் வந்தது. அதில் தரகர்கள் சரக்கு விலைகளைப் பாடினார்கள். சந்தைக் கூச்சலைச் சேர்ந்திசையாக மாற்றிய அந்தக் கை, பிறகு இப்ஸ்விச் பேச்சைத் தொட்டபோது தயாராகவே இருந்தது.

அமெரிக்க நாடக உலகின் 2010-ஆம் ஆண்டு டோனி விருதுகளைப் பாருங்கள். மார்க் ரோத்கோ என்ற ஓவியரைப் பற்றிய ‘ரெட்’ நாடகத்துக்காக கார்க் சிறந்த ஒலி வடிவமைப்பு விருதை வென்றார். அதே ஆண்டு ‘என்ரான்’ நாடகத்துக்காகச் சிறந்த இசைப் பிரிவில் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது. ஒரே மனிதர் ஒரே மாதிரி செய்த வேலை இரண்டு பெட்டிகளில் போடப்பட்டது. அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்கு உறுதியும் இல்லை. 2008-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஒலி வடிவமைப்பு விருதை டோனி நிர்வாகம் 2014-இல் நீக்கியது. ஒலிக் கலைஞர்கள் பெரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2017-18 பருவத்தில் விருது திரும்பி வந்தது. ஒலி வடிவமைப்பு என்றால் ஸ்பீக்கர் வைக்கும் தொழில்நுட்பம் என்று எண்ணுகிறவர்களுக்கு மேடையில் நடப்பதில் பாதி கேட்கவில்லை என்றே சொல்வேன்.

கேட்க மறுப்பவர்களுக்கு 2010-இன் இறுதியில் லண்டனின் டான்மர் அரங்கில் மைக்கேல் கிராண்டேஜ் இயக்கிய ‘கிங் லியர்’ நாடகத்தைக் காட்டலாம். சுமார் 250 பேர் மட்டுமே உட்காரக்கூடிய அரங்கு அது. புயல் காட்சியில் காற்றும் இடியும் முழங்கிக்கொண்டிருக்க, திடீரென எல்லாம் அறுந்து நிற்கிறது. காலங்காலமாக நடிகர்கள் நெஞ்சு வெடிக்கக் கத்திய லியரின் வசனத்தை, லியராக நடித்த டெரெக் ஜேகோபி கிசுகிசுப்பாகச் சொல்கிறார். புயல் கிழவனின் தலைக்குள் புகுந்துவிட்டது என்று ஒரு நொடியில் புரிகிறது. கார்க்குக்கு பிரிட்டனின் ஆலிவியே விருதைப் பெற்றுத் தந்த நாடகம் இது. சத்தத்தை எழுப்பியவர் எங்கே அதை விலக்கவேண்டும் என்றும் அறிந்திருந்ததால் கிடைத்த வெற்றி.

இந்த விலக்கும் அறிவு ‘லண்டன் ரோடு’ நாடகத்தில் தொடர்ந்து இருந்ததா? இல்லை என்பதுதான் என் குறை.

பேச்சு மாறாமல் வருகிறது என்பது அந்த நாடகம் தரும் வாக்கு. ஸ்வரம் மாறவில்லை, திக்கல் மாறவில்லை, உண்மைதான். எண்ணிக்கை மாறுகிறது. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கவனமின்றிச் சொன்ன வரி மேடையில் பல்லவியாகிப் பலமுறை வருகிறது. அவள் மட்டும் சொன்னதைத் தெருவே சேர்ந்து பாடுகிறது. திரும்பச் சொல்வது என்பது தேர்ந்தெடுப்பது. எந்த வரி பல்லவி ஆகும் என்ற தீர்ப்பை இசையமைப்பாளர் வழங்குகிறார், அதே சமயம் தான் எதையும் சேர்க்கவில்லை என்ற நம்பிக்கையையும் தருகிறார். இன்னொரு விளைவும் உண்டு. தனியாக வரும் திணறல் மனிதரைக் காட்டும். பத்துப் பேர் ஒரே தாளத்தில் திணறினால் அரங்கு சிரிக்கும். சாமானிய மக்களின் பேச்சைப் பார்த்துத் தலைநகரத்துப் பார்வையாளர்கள் சிரிப்பதற்கு இந்த முறை கதவைத் திறந்துவிடுகிறது. கார்க்கின் நோக்கம் அதுவல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோக்கத்தைப் பார்த்து மெட்டு தன் வேலையை நிறுத்திக்கொள்வதில்லை.

இதைவிடக் கனமான குறை வேறு. கொலையுண்ட ஐந்து பெண்களுக்கு இந்த நாடகத்தில் குரல் இல்லை. மெட்டுக்கு மூலம் ஒலிப்பதிவு என்றால், பதிவு செய்ய முடியாதவர்கள் பாட்டில் இருக்கமாட்டார்கள். முறையின் நேர்மையே ஒரு சுவராகிவிடுகிறது. தெருவாசி ஒருத்தி, அந்தப் பெண்கள் ஒழிந்ததற்காகக் கொலையாளியின் கையைக் குலுக்கி நன்றி சொல்வேன் என்கிறாள். அந்தக் கொடுமையை மறைக்காமல் மேடைக்குக் கொண்டுவந்த துணிவு பிளைத்துக்கும் கார்க்குக்கும் உண்டு. இருந்தாலும் நாடகத்தின் இசை மனம் முழுவதும் தெருவின் பக்கம், பூத்தொட்டிகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கேட்பவரின் இதயமும் பாடுகிறவரோடுதான் போகும்.

ஒலியையும் இசையையும் ஒரே ஆள் கட்டிப் பழகுவதன் ஆபத்தும் இங்கேதான் வெளிப்படுகிறது. இருவர் வேலை செய்யும் அரங்கில் இசையமைப்பாளர் நிரப்ப நினைக்கும் இடத்தை ஒலி வடிவமைப்பாளர் காலியாகக் கேட்பார். இருவரும் சண்டை போடுவார்கள், அந்தச் சண்டை நாடகத்துக்கு நல்லது. தனி ஒருவரிடம் அந்த எதிர்க்குரல் இருக்காது. அதை இயக்குநர்தான் தரவேண்டும். ‘லியர்’ நாடகத்தில் இயக்குநரும் நடிகரும் ஒலியாளரும் ஒரே மௌனத்தில் உடன்பட்டார்கள். ஒலி வடிவமைப்பாளர் தனியே இருந்தும், ‘லண்டன் ரோடு’ மேடையில் இசையை எதிர்த்து நின்ற குரல் எனக்குக் கேட்கவில்லை. நோரிஸே 2015-இல் அதைத் திரைப்படமாக்கியபோது சிக்கல் கூடியது. வெறும் மேடையில் பாட்டாகும் பேச்சை நாம் மரபாக ஏற்றுக்கொள்கிறோம். உண்மையான செங்கல் வீடுகளின் முன்னால் அதே பேச்சைப் பாடினால், பாடுவது முகமூடிபோல் தெரியத் தொடங்குகிறது.

ஆனாலும் ஒரு காட்சியைச் சொல்லாமல் இந்தக் குறைகளை வைப்பது நியாயமில்லை. உயிர் தப்பிய பாலியல் தொழிலாளர்கள் பேசும் இடம் அது. தொழிலை விட்டுவிட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். ஒலிப்பதிவில் அவர்கள் நிறுத்திய இடங்களை எல்லாம் கார்க் நிறுத்தமாகவே விட்டிருக்கிறார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. எந்த வாத்தியமும் அதை நிரப்ப வருவதில்லை. ‘லியர்’ நாடகத்தில் புயலை அறுத்த அதே காது இங்கே வேலை செய்கிறது. தெருவாசிகளுக்கு ஒரு நாடகம் முழுவதையும் தந்தவர் இவர்களுக்குத் தந்தது இந்த ஒரு சில நிமிடங்களைத்தான். அவற்றை இன்னும் நீட்டியிருந்தால், ஐந்து பேரின் இன்மையையும் அந்த இசைக்குள் கொண்டுவர வழி இருந்திருக்கும். அதற்கான திறமை கார்க்கிடம் இருந்தது.