ஓட்டைத் தாளின் பூர்வீகம்

கீபோர்டு வகுப்புக்கு எட்டு மாதம் போய்ப் பாதியில் விட்டவன் நான். வலது கை வாசிப்பதை இடது கை கேட்கவே கேட்காது. அதனால்தானோ என்னவோ, வில்லியம் காடிஸின் ‘அகாபே அகேப்’ நாவல் என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

காடிஸ் இறந்தது 1998இல். நாவல் வந்தது 2002இல். சின்ன நாவல்தான், ஆனால் பத்தி பிரிப்பே கிடையாது. சாகக் கிடக்கும் ஒரு மனிதர் காகிதக் குவியலுக்கு நடுவே புலம்பிக்கொண்டே இருக்கிறார். அவர் முடிக்க நினைப்பது பிளேயர் பியானோவின் வரலாறு. அது காடிஸின் சொந்தக் கதையும்கூட. 1940களில் இந்த ஆராய்ச்சியில் இறங்கியவர் அவர். 1975இல் வெளிவந்த அவருடைய ‘ஜே ஆர்’ நாவலிலும் ஜாக் கிப்ஸ் இதே புத்தகத்தை எழுத முடியாமல் தவிப்பார்.

பிளேயர் பியானோ என்பது தானாக வாசிக்கும் பியானோ. பெடலை மிதித்தால் உள்ளே காற்று உறிஞ்சப்படும். துளையிட்ட காகிதச் சுருள் ஒரு சட்டத்தின் மேல் நகரும். துளை வரும் இடத்தில் காற்று புகும், சுத்தி கம்பியைத் தட்டும். அவ்வளவுதான். துளை இருந்தால் ஸ்வரம், இல்லாவிட்டால் மௌனம்.

இதன் பூர்வீகத்தைக் காடிஸ் இசையில் தேடவில்லை. தறியில் தேடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மையைச் செய்த வோகான்சன் தானியங்கித் தறியும் செய்தார். அடுத்து ஜக்கார்டின் துளை அட்டைத் தறி வந்தது. அதே துளை அட்டை பிறகு கணினிக்கும் போனது. இந்த வம்சாவளி சரிதான். அதிலிருந்து காடிஸ் எழுதும் தீர்ப்பில்தான் எனக்குத் தகராறு. இயந்திரம் வந்தது, கலைஞன் போனான் என்கிறார். ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது எங்கே போகும் என்று சொல்லிவிட முடியுமா?

கான்லன் நான்காரோவைப் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துச் சண்டை போட்ட அமெரிக்கர், 1940இல் மெக்சிகோவுக்குப் போனார். அவருடைய சிக்கலான தாளங்களை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. எனவே சுருளில் தானே துளை போட்டார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கான வேலை. அவருடைய 21ஆவது ஸ்டடியில் ஒரு குரல் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும், இன்னொன்று வேகமாகத் தொடங்கித் தளரும். நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடிப் பிரியும். மனித விரல்களுக்கு எட்டாத இசை, ஆனால் ஒரு மனிதனின் பிடிவாதத்தில் பிறந்தது.

அப்போ காடிஸ் தோற்றுவிட்டாரா? இல்லை. அவர் குற்றவாளியைக் கொஞ்சம் தள்ளி அடையாளம் காட்டிவிட்டார், அவ்வளவுதான். பிரச்சினை துளையில் இல்லை, பெடலில் இருக்கிறது. பெடலை மிதித்துவிட்டு ‘நான் வாசிச்சேன்’ என்று நம்புகிற சுகத்தில் இருக்கிறது. ஒரு வரி தட்டிவிட்டுக் கவிதை வாங்கிக்கொள்ளும் இன்று இந்த வேறுபாடு நமக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

நான்காரோ துளை போட்டார். நாம் மிதிக்கிறோம்.

காடிஸால் அந்த வரலாற்றை எழுதி முடிக்க முடியவில்லை. அந்த இயலாமையே நாவலாகிவிட்டது. தவறாமல் வாசிக்கும் கருவியைப் பற்றி ஒருவர் அரை நூற்றாண்டு தடுமாறியிருக்கிறார். படித்து முடித்ததும் பரண் மேலிருந்த கீபோர்டை இறக்கினேன். இடது கை இன்னும் கேட்கவில்லை. பரவாயில்லை, தப்பாவது என்னுடையது.