கேட்க மறுக்கும் உரிமை

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, நம் பங்குகளில் ஊன்றி வாசிக்கத் தக்கது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள், அருகிலிருந்த பெந்தெகொஸ்து சபையொன்றின் ஒலிபெருக்கி ஓசைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. இரைச்சலுக்கு வாகனங்களே காரணம் என்றும், சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுப்பதே முறையீட்டின் உள்நோக்கம் என்றும் சபையார் வாதிட்டனர். அயலார் அமைதியைக் குலைத்துச் செபிக்குமாறு எச்சமயமும் விதிக்கவில்லை எனக் கூறி, நீதிபதிகள் அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளினர்.

முதியோர், நோயாளர், மாணவர், குழந்தைகள் ஆகியோரை நினைவில் கொண்டு பேசுவது இத்தீர்ப்பின் சிறப்பு. ஆயினும் அது பெரிதும் ஓசையின் அளவையே எடைபோடுகிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது விதி. அளவு குறைந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு இல்லை. துண்டறிக்கையை வாங்காமல் செல்லலாம். கூட்டத்தினின்று எழுந்து போகலாம். தன் வீட்டுத் திண்ணையில் இருப்பவர் எங்கே எழுந்து போவார்? 2005 ஜூலை 18-இல் வெளியான தீர்ப்பு இவ்வினாவைத் தொட்டது: பேசும் உரிமை, பிறரைக் கேட்கக் கட்டாயப்படுத்தும் உரிமை ஆகாது என்றது.

இதனை நம் சமயத்திற்கு நேர்ந்த தோல்வியாகக் கருதுவோர் உளர். சட்டம் ஒருசாராரை மட்டும் தாக்குமோ என்னும் அவர்தம் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். அரசியல் மேடைக்கும், திருமண வீட்டிற்கும், எல்லாச் சமயத் திருவிழாக்களுக்கும் விதி ஒன்றாயிருந்தால்தான் அது நீதி. ஆனால் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திர ஏடு, விசுவாசத்தைப் பரப்புவதில் கட்டாயத்தின் சாயலும் கூடாது என்று கற்பிக்கிறது. விரும்பாத செவியில் விழும் செபமும் ஒருவகைக் கட்டாயமே அன்றோ?

கோவிலும் ஆலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் மாவட்டம் நம்முடையது. 1982-இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம், அயலாரிடையே நம்பிக்கை குலைந்தால் என்ன நேரும் என்பதைக் காட்டியது. கொடியேற்றம் முதல் பத்து நாளும் தெருமுனைதோறும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது திருவழிபாட்டின் கூறன்று; வழக்கம் மட்டுமே. ஆலயத்திற்குள் கூடியிருப்போருக்குக் கேட்கும் அளவே போதுமானது. அடுத்த திருவிழாவுக்கு முன் பங்குப்பேரவைகள் இதனை முடிவு செய்யட்டும். காவல் நிலையத்தார் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.