மூன்று மில்லிமீட்டர் தீர்ப்பு

வடகடல்களின் மிதவை உயிரிகளை ஆராய்பவர்களிடம் அடிக்கடி ஒரு சமாதானம் கேட்கிறது. கலானஸ் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகளான கோப்பிபாடுகளின் இனத்தை நீளம் அளந்து சொல்வதில் கொஞ்சம் பிழை இருக்கலாம், சூழலியல் கணக்குக்கு அது போதும் என்கிறார்கள். எதற்குப் போதும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இந்த முறையின் நியாயங்களை மறுக்கவில்லை. ஒரே வலைவீச்சில் ஆயிரக்கணக்கில் அகப்படும் உயிர்களை ஒவ்வொன்றாக மரபணுச் சோதனைக்கு அனுப்ப எந்த ஆய்வகத்திலும் பணமில்லை. ஃபார்மலினில் ஊறிய பழைய மாதிரிகளிலிருந்து நல்ல மரபணு எடுப்பதும் லேசான வேலையல்ல. உடற்கூறு பார்த்து இனம் பிரிப்பதே தவறு என்றும் சொல்ல வரவில்லை. ஹைபர்போரியஸ் இனத்துக்கு முன்னுடலின் கடைசிக் கண்டத்தில் கூரிய முள் இருக்கிறது. ஹெல்கோலாண்டிகஸை ஃபின்மார்க்கிகஸிலிருந்து பிரிக்க, ஐந்தாம் காலின் அடிக்கண்டத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உள்விளிம்பின் பல்வரிசை ஃபின்மார்க்கிகஸில் ஏறக்குறைய நேராகப் போகும், மற்றதில் உள்வளையும். 1931 முதல் வணிகக் கப்பல்கள் இழுத்துச் செல்லும் மிதவைப் பதிவுக்கருவியின் மாதிரிகளில் இவ்விரண்டையும் 1958 முதல் தனித்தனியே எண்ணி வந்ததால்தான், வட கடலில் குளிர்விரும்பியான ஃபின்மார்க்கிகஸ் விலகி வெப்பவிரும்பியான ஹெல்கோலாண்டிகஸ் இடம்பிடித்தது தெரிந்தது. இது உழைப்புக்குக் கூலி கொடுத்த உடற்கூறியல்.

ஃபின்மார்க்கிகஸ், கிளாசியாலிஸ் ஜோடியின் கதை வேறு. 1955-இல் ஆய்வாளர் யாஷ்னோவ் பிரித்துக் காட்டும்வரை கிளாசியாலிஸுக்குத் தனிப்பெயரே இல்லை. பிரித்த பிறகும் கைக்கு எளிதாக அகப்பட்ட அடையாளம் முன்னுடலின் நீளம்தான். கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலத்தை ஆழத்தில் கழிக்கும் ஐந்தாம் பருவக் குஞ்சு சுமார் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஃபின்மார்க்கிகஸ், மேலே இருந்தால் கிளாசியாலிஸ்.

கோப்பிபாட் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்தால் குட்டையாகும், குளிர்நீரில் நீளும். ஒரே இனத்துக்குள்ளேயே இது நடக்கிறது. ஆகவே அளவுகோல் காட்டுவதில் இனமும் இருக்கிறது, அது வளர்ந்த தண்ணீரின் சூடும் இருக்கிறது. அந்த எண்ணை இனப்பெயராக மாற்றி, அதே பெயர்களைக் கொண்டு கடல் சூடாவதை அளக்கிறார்கள். ஆர்க்டிக் நீருக்குக் கிளாசியாலிஸ் சாட்சி, அட்லாண்டிக் நீருக்கு ஃபின்மார்க்கிகஸ் சாட்சி. சூட்டில் குட்டையான கிளாசியாலிஸ் பட்டியலில் ஃபின்மார்க்கிகஸ் ஆகிவிடுகிறது. உடனே அட்லாண்டிக் இனம் வடக்கே முன்னேறிவிட்டதாகச் செய்தி. கிளாசியாலிஸ் குறுகி வருகிறதா என்று இந்த முறையிடம் கேட்கவே முடியாது. குறுகியதை எல்லாம் அது முன்கூட்டியே வேறு பெயரில் தள்ளியிருக்கும். உயரத்தைப் பார்த்து அரை டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரின் கணக்கை வைத்து, பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் வளர்கிறார்களா என்று ஆராய்வது போன்றது இது.

மாற்று அடையாளங்களைத் தேடாமல் இல்லை. கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவில் உயிருள்ள பெண் கோப்பிபாடுகளின் உணர்கொம்புச் சிவப்பை வைத்துக் கிளாசியாலிஸைப் பிரிக்கலாம் என்ற நம்பிக்கை 2014-இல் பிறந்தது. மரபணுவால் இனம் உறுதிசெய்யப்பட்ட உயிர்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு நீளம், உணர்கொம்பு மற்றும் இனப்பெருக்கக் கண்டத்தின் நிறம், ஐந்தாம் கால், தாடை எல்லாவற்றையும் சோதித்தது. நம்பத்தக்கது ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, நினைத்ததைவிட வெகு தெற்கில் நார்வேயின் ஃபியோர்டுகளில் கிளாசியாலிஸ் இருப்பதை மரபணு காட்டியிருந்தது. புதிதாகக் குடிவந்தது என்று இதற்குப் பொருளில்லை. அளவுகோல் பார்த்தவர்கள் கண்முன்னே வேறு பெயரில் அது இருந்திருக்கலாம்.

இதற்குப் பதிலாக வரும் வாதம் சாமர்த்தியமானது. ஸ்வால்பார்டில் குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் லிட்டில் ஆக் பறவை மரபணுவா பார்க்கிறது? கொழுத்த, பெரிய உருவத்தைத்தானே பொறுக்குகிறது? உண்மைதான். அப்படியானால் பட்டியலில் '3 மில்லிமீட்டருக்கு மேல்' என்று எழுதுங்கள். பறவைக்கும் அது போதும், மீனுக்கும் போதும். லத்தீன் பெயரை அங்கே எழுதுவது, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சான்றளிப்பது. அளந்த எண்ணையாவது வைத்திருந்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெயரை மட்டும் பதிந்து வைத்த ஏடுகளை வைத்துக்கொண்டு, எது வடக்கே போனது, எது குட்டையானது என்று இனி எப்படிப் பிரிப்பது?