தொலைக்காட்சி மன்றத்தில் முன்னிலைச் சொல்

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வந்த உயர்சொல்லே அன்றி இலக்கண நெறி அன்று என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் காட்டும் கருத்து. உயர்வு சொல்லின் ஈற்றில் இல்லை. அதனை வழங்குவோர் உறவில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவுகோல் கொண்டு, எளிய மக்களின் குடும்ப வழக்குகளை அரங்கேற்றும் தொலைக்காட்சி உரையாடல்களை ஈண்டு நோக்குவோம்.

ஜீ தமிழில் 2011இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' என்னும் நிகழ்ச்சியின் தலைப்பே நீதிமன்ற உறுதிமொழியை நினைவூட்டும். நெறியாளர் வினவுவார்; கடிவார்; முடிவும் கூறுவார். நெறியாளருள் ஒருவரான லட்சுமி ராமகிருஷ்ணனின் 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்னும் தொடர் நாடறிந்தது. இதன் வினைமுற்று பன்மை, விளியோ 'அம்மா'. சொல்லளவில் மதிப்புக்குக் குறைவில்லை. ஆயினும் கேட்டோர் இதனை இடித்துரையாகவே கொண்டனர். பின்னர் இது நகைச்சுவைக்குப் பொருளாகி, 2016இல் வெளிவந்த 'ரஜினி முருகன்' படப்பாடலிலும் புகுந்தது. அந்நகைப்பில் வினவியவர் மட்டுமன்றித் துயரோடு வந்து நின்றவரும் சிறுமையுற்றார்.

இதற்கு மறுதலையாக வடசென்னை வழக்கைக் காண்க. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் துறைமுகத்தையும் ஆலையையும் கடலையும் நம்பி வாழ்வோர் பேச்சில் 'நாஷ்டா', 'பேமானி' என உருதுச் சொற்களும் 'நைனா' எனத் தெலுங்குச் சொல்லும் கலந்துள்ளன. 'வா நைனா' என்னுமிடத்து ஏவல் ஒருமை. விளி தந்தை முறை. இங்கு ஒருமை உரிமையின் அடையாளம். ஆனால் நம் திரைப்படங்கள் இப்பேச்சைப் பெரும்பாலும் அடியாளுக்கும் நகைப்பூட்டும் மாந்தர்க்கும் உரியதாக்கின. ஆதலின், அரங்கில் அதனைப் பேசுவோர் வாய் திறந்தவுடனே பண்பிலார் என்று மதிக்கப்படுகின்றனர். அமெரிக்க அரங்குகளில் நிறமும் இனமும் செய்யும் வேலையை இங்கே சாதி செய்கிறது; அதன் பெயரைச் சொல்லாமலே பேச்சும் உடையும் தொழிலும் அதனை உணர்த்திவிடுகின்றன.

பால் பற்றிய நிலையும் ஆராயத்தக்கது. பேடியைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் உயர்திணையுள் அடக்கினார். திரையோ நெடுங்காலம் திருநங்கையரை எள்ளலுக்கே பயன்படுத்தியது. விஜய் தொலைக்காட்சியின் 'இப்படிக்கு ரோஸ்' 2008இல் திருநங்கை ஒருவரை வினவும் இருக்கையில் அமர்த்தியது. இது பெரிய மாற்றம். எனினும் ரோஸ் அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றவர். பாலின் தடை நீங்கியவிடத்தும் கல்வி, பொருள்நிலை என்னும் வாயில் காக்கப்பட்டே நின்றது.

இத்தகைய நிகழ்ச்சிகள் புறக்கணிக்கப்பட்டோரை மக்கள் முன் கொணர்ந்தன. அதே வேளையில் அவர்களைக் காட்சிப்பொருளும் ஆக்கின என அமெரிக்க அரங்குகளைப் பற்றி ஜோஷுவா காம்சன் 1998இல் எழுதினார். இரண்டும் இங்கும் பொருந்தும். வேறெங்கும் கேளாத முறையீட்டுக்கு அரங்கில் ஒரு செவி கிடைக்கலாம். ஆனால் அதற்கு விலையாக வாழ்வின் மறைவு முழுவதும் கேட்கப்படுகிறது. 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

ஆகவே, பன்மையும் 'அம்மா' என்னும் விளியும் மதிப்பின் சான்றாகா. வினவப்படுவோர் திருப்பி வினவ இடமுண்டா என்பதே இம்மன்றங்களை அளக்கும் கோல். அவ்விடம் இல்லாத அரங்கில் உயர்சொல்லும் இழிசொல்லின் வேலையையே செய்யும்.