கேமரா பார்க்காத பக்கம்

ஒரு கட்டடத்தைச் சில கோணங்களில் படமெடுத்துவிட்டு, எடுக்காத கோணத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று கணினியிடம் கேட்பது பழைய ஆசை. 1996-இல் பால் டெபெவெக், கமிலோ டெய்லர், ஜிதேந்திர மாலிக் மூவரும் கட்டடத்தின் எளிய வடிவத்தைக் கையால் குறித்து, அதன்மேல் புகைப்படங்களைப் போர்த்திக் காட்டினார்கள். 2020-இல் வந்த நெர்ஃப் முறையில் அந்தக் கைவேலையும் போயிற்று. எந்தப் புள்ளியில் என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி என்பதை ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பு படங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறது.

விளைவு அபாரம், தீனிதான் அதிகம். ஒரு காட்சிக்குப் பல பத்துப் படங்கள் வேண்டும். இரண்டு மூன்றோடு நிறுத்தினால், கொடுத்த படங்களோடு அச்சாகப் பொருந்திவிட்டு, கோணம் சற்று நகர்ந்ததும் உளறத் தொடங்கும். அந்தரத்தில் புகைத்திட்டுகள் மிதக்கும். ஒரே பொருள் இரண்டாகத் தெரியும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நாகபூஷண் சோம்ராஜ், ராஜீவ் சௌந்தரராஜன் குழுவினர் 2023-இல் கையிலெடுத்தது இந்தக் கோளாறைத்தான். அவர்களுடைய விப்-நெர்ஃப், ஒரு படத்தில் உள்ள புள்ளி அடுத்த படத்திலும் தெரிகிறதா, மறைந்துவிட்டதா என்று மட்டும் முன்கூட்டிக் கணிக்கிறது. அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட இது எளிய கேள்வி. அதே ஆண்டில் வந்த சிம்பிள்நெர்ஃப் இன்னும் சுவாரசியமானது. முதன்மை மாதிரியோடு இரண்டு மந்தமான துணை மாதிரிகளும் பயிற்சி பெறுகின்றன. ஒன்றுக்கு ஆழத்தைச் சடாரென்று மாற்றத் தெரியாது. அதனால் புகைத்திட்டுகளை உண்டாக்க முடியாது. மற்றொன்றுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம்தான். அதனால் ஒவ்வொரு கேமராவின் முன்னாலும் ஒரு நகலை நிறுத்தி ஏமாற்ற முடியாது. இவற்றின் ஆழக் கணிப்பு எங்கே மற்ற படங்களோடு ஒத்துப்போகிறதோ, அங்கே மட்டும் முதன்மை மாதிரி அதைக் கேட்டுக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் துணைகளுக்கு வேலையில்லை.

வேறெங்கோ எடுத்த லட்சக்கணக்கான படங்களில் முன்பயிற்சி பெறாமல், கையிலுள்ள இரண்டு மூன்று படங்களுக்குள்ளேயே விடை தேடுவது இந்த வழியின் பெரிய பலம். ஊரார் வீட்டு ஜன்னலை நம் சுவரில் பொருத்தும் ஆபத்து இதில் குறைவு. நான் இந்தக் கட்சிதான்.

ஆனால் தேர்வு வைக்கும் விதத்தில் எனக்குத் திருப்தியில்லை. சில படங்களை ஒளித்துவைத்து, விடையை அவற்றோடு ஒப்பிடுகிறார்கள். இத்துறையில் எல்லோரும் செய்வது அதுதான். இத்தகைய தேர்வுக்குப் பயன்படும் எல்எல்எஃப்எஃப் படத்தொகுப்பின் 8 காட்சிகளும் முன்பக்கம் நோக்கி எடுத்தவை. ஒளித்த படமும் கொடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துச் சுவரின் மறுபக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டின் கண்ணாடிக் கட்டடங்கள் அடிக்கு அடி நிறம் மாறுபவை. அங்கே ஒரே நிறத் துணை உதவாது. தெருவின் கேபிள் கொத்துகளை மென்மைத் துணை விழுங்கிவிடவும் கூடும்.

சினிமாவுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் இதெல்லாம் பெரிய குறையில்லை. வரைபடத்துக்கு அப்படியில்லை. தெருக்களைப் படமெடுக்கும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்களை 2011-இல் பெங்களூரு போலீஸ் நிறுத்தியது. 2022-இல் அந்தச் சேவை இந்தியாவுக்கு மீண்டும் வந்தது. தெருப்படம் வரைபடத்தின் பகுதியாகிவிட்ட இந்தக் காலத்தில், பார்த்த செங்கல்லும் ஊகித்த செங்கல்லும் ஒரே மெருகோடு நிற்பது தகாது. எது எந்தப் படத்தில் தெரிந்தது என்ற கணக்கு விப்-நெர்ஃபுக்குள் ஏற்கெனவே நடக்கிறது. வெளியே வரும் படத்தில்தான் அதற்கு இடமில்லை.